கேட்பவர் எவராயினும்

செய்தி வந்தபோது மணி ஏழு ஐந்து. டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை. கொச்சியில், மட்டாஞ்சேரி சேர்லாயில் தன் வீட்டு மாடியில் ஸுப்ரியா ஈரத்துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் நௌரின் பெயர் தெரிந்தது. சலாவுதீனின் மகள் அந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, அத்தா மௌத்தாயிட்டாங்க," என்றாள் நௌரின். அவள் அழவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் இருந்தது குரல். "சுபுஹு தொழுதுட்டு வந்து கசேரையில இருந்தாங்க. உம்மா சாயா கொண்டுவந்து விளிச்சாங்க. எழும்பலை."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் ஸுப்ரியா.

கேட்ட பிறகுதான் அது கேட்கக்கூடிய கேள்வியா என்று தோன்றியது. ஆனால் எட்டு வருடம் சலாவுதீனின் கடையில் வேலை பார்த்தவளுக்கு முதலில் வாயில் வருவது நிமிடக் கணக்குதான்.

"ஆறு இருபதுக்கும் ஆறரைக்கும் நடுவில இருக்கும்னு உம்மா சொல்றாங்க. சரியாத் தெரியலை அக்கா."

ஸுப்ரியா மிச்சமிருந்த இரண்டு துணிகளையும் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

சலாவுதீனுக்கு ஐம்பத்தாறு வயது. பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த ராவுத்தர் குடும்பம். அவருடைய அத்தா பஜார் ரோட்டில் சாக்கு வியாபாரம் செய்தார். மகனுக்குச் சாக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. தும்மித் தும்மியே கடையிலிருந்து விடுதலை வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சுள்ளிக்கல்லில் ஒரு ஒற்றை ஷட்டர் கடை எடுத்து டிவி பழுது பார்த்தார். டிவிகள் தட்டையாகி, கெட்டுப்போனால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குகிற காலம் வந்ததும், அவர் மருந்துக்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மின்விளக்கு எழுத்துப் பலகைகள் செய்யத் தொடங்கினார். கையில் வேலை இருந்தால் பேச மாட்டார். வேலை இல்லாதபோது யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார். பாலும் சீனியும் போடாத சுலைமானிச் சாயா ஒரு நாளைக்கு ஏழெட்டு குடிப்பார்.

ஒருநாள் ஒரு பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பள்ளியில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஐந்து கடிகார முகங்கள் வரைந்த பலகை ஒன்று இருந்தது. அதன் முட்களை வாரம் ஒருமுறை, தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் ஏணியில் ஏறிக் கையால் திருப்பி வைப்பார். மோதினாருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. தானாகவே நேரம் மாறுகிற பலகை செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

அந்த வருடம்தான் ஸுப்ரியா கடைக்கு வந்திருந்தாள். எறணாகுளத்தில் கணினி அறிவியல் படித்து, காக்கநாட்டில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்து, அங்கே அவள் பகுதியையே மூடிவிட்டதால் வீட்டில் இருந்தவள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தாள். பிறகு வேறு வேலை தேடவில்லை. இணையத்தில் தேடி, எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எழுதிவைத்திருந்த தொழுகை நேர மென்பொருளை எடுத்தாள். உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினிப் பலகையில் அதை ஏற்றிச் சிவப்பு எழுத்துகளை ஒளிரவிட்டாள். சலாவுதீன் எழுந்து நின்று பார்த்தார்.

"இது ஆருடையது?"

"எழுதினவர் பேர் இருக்கு இக்கா. ஆனா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு."

"அதானே பார்த்தேன். வாசி."

உரிமம் ஆங்கிலத்தில் பல பக்கம் இருந்தது. ஸுப்ரியா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள். வாடகைப் பத்திரம் கேட்பவர்போல் அவர் சில இடங்களை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். சாரம் இவ்வளவுதான்: இந்த மென்பொருளை நீ இன்னொருவருக்குக் கொடுத்தால், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மூல நிரலையும் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். நீ அதில் எதையாவது மாற்றியிருந்தால், மாற்றியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் அவருக்கும் இதே நிபந்தனை. மறைத்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

"கேட்டாத்தானே கொடுக்கணும்?"

"கேட்டாத்தான். ஆனா கேக்கலாம்கிறதை நாமதான் எழுதிச் சொல்லணும். மூணு வருஷம் வரைக்கும் யார் கேட்டாலும் தருவோம்னு."

"சொல்லாம இருந்தா?"

"யாரும் வந்து பிடிக்கப் போறதில்லை இக்கா. பாதிப் பேர் சொல்றதே இல்லை."

சலாவுதீன் சிரித்தார். "அப்ப இது ஹெல்மெட் மாதிரி இல்லை கேட்டியா. போலீஸ் நிக்காத ரோட்டுலயும் போட்டுக்கணும்."

அப்படித்தான் ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் ஒட்டுகிற அந்தச் சீட்டு உண்டாயிற்று. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஸுப்ரியாவே எழுதினாள். தமிழிலும் வேண்டும் என்றார் சலாவுதீன். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான் இரண்டு பேரும். பள்ளியில் படித்தது மலையாளம் என்பதால் தமிழில் நாலு வரி எழுத இரண்டு பேருக்கும் கை வராது. உத்தமபாளையத்தில் பத்தாவது வரை தமிழில் படித்த அவர் மனைவி ஜொஹரா பீவிதான் எழுதித் தந்தார்: 'இக்கருவியில் உள்ள மென்பொருளின் மூல நிரலைக் கேட்பவர் எவராயினும், மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால், தரப்படும்.'

"இங்கே தமிழ்ல யாரு இத்தா படிக்கப் போறா?" என்று ஸுப்ரியா கேட்டாள்.

"நான் படிப்பேன்," என்றார் ஜொஹரா பீவி.

பலகைகள் விற்கத் தொடங்கி ஆறு மாதத்தில் சலாவுதீனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மஃரிப் நேரம், அதாவது சூரியன் மறைகிற நேரம், கொஞ்சம் முந்துவதாகப் பட்டது. நோன்பு மாதத்தில் சூரியன் மறையும் முன் திறந்துவிட்டால் அந்த நாள் நோன்பு சேராது. சாயங்காலம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். ஜனவரியில் பதினாறு சாயங்காலம் இரண்டு பேரும் போனார்கள். அவர் சூரியனைப் பார்ப்பார். கடைசிக் கீற்று கடலுக்குள் போனதும் "போச்சு" என்பார். அவள் கைப்பேசியில் நொடி பார்த்துக் குறிப்பாள். பொரிகடலைக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ சர்க்கார் வேலை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார். பதினாறில் ஒன்பது நாள் மேகம். மிச்ச ஏழு நாளும் பலகை முந்தித்தான் இருந்தது.

காரணத்தை ஸுப்ரியா கண்டுபிடித்தாள். மென்பொருளில் இருந்த ஊர்ப் பட்டியலில் 'கொச்சி' என்பது நெடும்பாசேரி விமான நிலையம். அது மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் அரை நிமிடம் முந்தி மறையும். போதாததற்கு, எழுதியவர் நொடிகளை வெட்டிவிட்டு நிமிடத்தை மட்டும் காட்டியிருந்தார். ஆறு முப்பதும் ஐம்பத்தைந்து நொடியும் என்றாலும் ஆறு முப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் சில நாள் ஒன்றரை நிமிடம் வரை முந்தும். அவள் மூன்று வரி எழுதினாள். ஒன்று, பள்ளி இருக்கும் சரியான இடம். இரண்டு, நொடி மிச்சமிருந்தால் அடுத்த நிமிடம். மூன்று, கமிட்டிக்காரர்கள் கேட்டபடி எச்சரிக்கைக்காக இன்னொரு நிமிடம். ஏற்கெனவே விற்ற பலகைகளையும் அவர்கள் தேடிப்போய் மாற்றினார்கள்.

ஐந்து வருடத்தில் இருபத்து மூன்று பலகைகள். பின்புறச் சீட்டைப் படித்துவிட்டு ஒருவரும் வரவில்லை. 'அந்தச் சீட்டுக்குச் செலவாகிற பசையை வெச்சு ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கலாம்' என்று பக்கத்துச் சாயாக்கடை நாணு சொல்வதுண்டு.

ஆறாவது வருடம் ஒருவன் வந்தான். பெயர் சுதீர். தேவராவில் எழுத்துப் பலகைப் பட்டறை வைத்திருந்தான்; நான்கு பேர் வேலை செய்தார்கள். கோயம்புத்தூரில் சில வருடம் இருந்ததால் தமிழ் பேசுவான். ஒரு பள்ளிவாசலில் மின்வேலைக்குப் போனபோது சீட்டைப் படம் பிடித்திருந்தான். அந்தப் படத்தை நீட்டினான்.

"சேட்டா, இது சும்மா பந்தாவுக்கு ஒட்டினதா, இல்லை நெஜமா?"

"நெஜந்தான்."

"எனக்குத் தந்தா நானும் போர்டு செய்வேன். உங்களைவிட விலை குறைச்சு விப்பேன். யோசிச்சுக்குங்க."

"யோசிக்கறதுக்கு அதுல இடம் விடலையே," என்றார் சலாவுதீன். "எவராயினும்னு அச்சடிச்சாச்சு. நீயும் எவராயினும்தான். சனிக்கிழமை வா. ஸுப்ரியா அதைக் காப்பி எடுத்து வெச்சிருப்பா."

அவன் போனதும் ஸுப்ரியா வெடித்தாள். "இக்கா, நீங்க என்ன பண்றேள்னு தெரிஞ்சுதான் பண்றேளா? அவன்கிட்ட நாலு ஆள் இருக்கு. நம்மகிட்ட நீங்களும் நானும் ஒரு ஸோல்டரிங் அயர்னும்."

"அதுக்கு?"

"அதுக்கா? அடுத்த வருஷம் இந்தக் கடை இருக்காது."

"இருக்கும். இல்லாட்டி நாணுகிட்ட கிளாஸ் கழுவலாம். நீ கழுவு, நான் துடைக்கறேன்."

கிண்டல் ஆரம்பித்துவிட்டால் அவரிடம் பேச்சு நகராது. வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், ஸுப்ரியா சுதீருக்கான பென்டிரைவைத் தயார் செய்தாள். கணினியில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டுக்காரர் எழுதியபடியே எடுத்துவைத்த பழையது. இன்னொன்று, மூன்று வரி சேர்ந்த இப்போதையது. அவள் பழையதைப் பிரதியெடுத்தாள். மூல நிரல் கேட்டான். மூல நிரல் கொடுக்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பதினாறு சாயங்காலம் அந்தக் கடற்கரையில் நின்றது சுதீர் இல்லை. அந்த மூன்று வரியை எழுதியவளும் அவள்தான்.

சனிக்கிழமை சலாவுதீன் தன் கையால் அந்த உறையைச் சுதீரிடம் கொடுத்தார்.

ஒருவன் கேட்டதும் வழி திறந்ததுபோல் அதே வருடத்தில் இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். பாலிடெக்னிக் ஆசிரியை கமலாக்ஷி, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக. ஆலப்புழையிலிருந்து ஒருவர். மூன்றாவது ஆள் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் ஒப்பந்தத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த இசக்கிதுரை. அவர் தமிழில் ஒரு அஞ்சலட்டை எழுதியிருந்தார். 'இங்கே பள்ளிவாசலில் உங்கள் பலகையைக் கழற்றி மாட்டும்போது பின்னால் தமிழில் எழுதியிருப்பதைப் படித்தேன். எங்கள் ஊர் பள்ளிவாசலுக்கு நானே ஒன்று செய்து கொடுக்கலாம் என்று ஆசை. ஊர் தென்காசிப் பக்கம்.' ஊர்ப் பெயர் எழுதவில்லை. கீழே வல்லார்பாடத்தில் தங்கியிருந்த லாட்ஜ் முகவரியும் ஒரு கைப்பேசி எண்ணும்.

ஜொஹரா பீவி அந்த அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு ஸுப்ரியாவிடம் காட்டினார். "படிக்க ஆளில்லைன்னே?"

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்று ஸுப்ரியா ஒருமுறை கேட்டதற்கு, "கேட்டவனுக்குத் தருவோம்னுதான் அச்சடிச்சிருக்கோம், போய் எடுத்துக்கோன்னு இல்லை," என்றார் சலாவுதீன். ஆகவே மூன்று பேருக்கும் உறை போயிற்று. முதலில் ஒரு பிரதி எடுத்தாயிற்று. பிறகு மாற்றி எடுத்தால் ஏன் என்று தனக்கே சொல்ல வேண்டியிருக்கும். மூன்றும் பழைய கோப்புறையிலிருந்தே போயின.

அடுத்த நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. ஒருநாள் நடுப்பகலில் லுஹர் தொழுகை முடிந்து நாலைந்து பேர் நாணுவின் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பகலில் சாயாவுக்கு ஆளில்லை. நாணுவின் வாய்க்கு மட்டும் வேலை இருந்தது.

"பசி தாங்கலைன்னா பாலம் கடந்து தேவராவுக்குப் போங்க," என்றான் நாணு. "நேத்து இங்கே நோன்பு திறந்தது ஆறு முப்பத்திரண்டு. அங்கே ஆறு முப்பதுக்கே கஞ்சி. ரெண்டு நிமிஷம் லாபமாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த சலாவுதீனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: "தேவராவில ஆரு போர்டு?"

"சுதீரோட போர்டு."

சலாவுதீன் கைப்பேசியை எடுத்தார். "பாவம், இடத்தைத் தப்பாக் கொடுத்திருப்பான். சொல்லிக் கொடுக்கலாம்."

"இக்கா, கூப்பிடாதேங்கோ," என்றாள் ஸுப்ரியா. "தப்பு அவன்கிட்ட இல்லை."

அவள் சொன்னாள். சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சலாவுதீன் சூடாகியிருந்த ஸோல்டரிங் அயர்னை அதன் தாங்கியில் வைத்தார். சுவிட்சை அணைத்தார். அது ஆறுகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்குக் கொடுத்தோம்?"

"நாலு பேருக்கு."

சுவரில் இருந்த பரிசோதனைப் பலகையை அவர் நிமிர்ந்து பார்த்தார். ரமளான் 18 என்றது அது. "பதினேழு நோன்பு போச்சு," என்றார். "இன்னைக்கு மஃரிபுக்கு இன்னும் மூணே முக்கால் மணிக்கூர் இருக்கு. வண்டியை எடு."

தேவரா வரைக்கும் அவர் ஸ்கூட்டர் முன்னால் போக, அவள் ஸ்கூட்டர் பின்னால் போனது. சுதீரிடம் அவரே சொன்னார். மூன்று வரி விட்டுப்போனதையும், அது தெரிந்தே விடப்பட்டது என்பதையும். 'நாங்கள்' என்று சொன்னார். நான்தான் என்று ஸுப்ரியா குறுக்கே வந்தபோது, "கடைக்குன்னு ஒரு பேர் இருக்கு, அது போதும்," என்று நிறுத்தினார்.

சுதீர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீங்க ஒட்டினது வெறும் ஸ்டிக்கர்தான், இல்லையா சேட்டா?"

"இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்."

"நான் அஞ்சு இடத்துல வெச்சிருக்கேன். அஞ்சு கமிட்டிக்கும் என்ன பதில் சொல்றது?"

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். நீ ஏணியை மட்டும் எடுத்துட்டு வா."

ஐந்து பலகைகளில் கடைசியை அவர்கள் வல்லார்பாடத்தில் மாற்றி முடித்தபோது மணி ஆறு பதினான்கு. ஒவ்வோர் இடத்திலும் சலாவுதீன் கமிட்டிக்காரர்களிடம் நின்று ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னார்: இந்தப் பலகை பதினேழு நாளாக நேரத்தை முந்திக் காட்டியது, காரணம் என் கடை கொடுத்த பிரதி. ஓர் இடத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் இடத்தில் கத்தினார்கள். மற்றோர் இடத்தில் பள்ளியின் மார்க்கப் பெரியவரான கத்தீபு நிதானமாகக் கணக்குக் கேட்டார். மோதினார் பாங்கு சொல்லத் தொடங்க ஆகும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், சந்தேகமுள்ள நாட்கள் பதினொன்று. சந்தேகமுள்ள நாளைப் பெருநாளுக்குப் பிறகு திரும்ப நோற்றுவிடுவது நல்லது என்றார் கத்தீபு. சுள்ளிக்கல்லில் விஷயம் பரவி, பேசிவைத்திருந்த இரண்டு பலகைகள் கடைக்குக் கைநழுவிப் போயின.

மறுநாள் ஸுப்ரியா இப்போதைய நிரலைப் பொதுவில் பார்க்கும்படி இணையத்திலும் ஏற்றினாள். மாற்றியவர் யார், எப்போது, எதை என்று தலைப்பில் குறிக்க வேண்டும் என்பது உரிமத்தில் உண்டு. அங்கே அவள் எழுதினாள்: 'இந்தக் கடையிலிருந்து முன்பு கொடுத்த நான்கு பிரதிகளில் கீழ்க்கண்ட மூன்று வரிகள் இல்லை. வேண்டுமென்றே நீக்கிக் கொடுத்தவள் ஸுப்ரியா.' சலாவுதீன் திரையில் அதை வாசித்தார். அந்தப் பெயரை எடு என்று சொல்வார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் வாசித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தார். அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரி சேர்ந்தே போகிறது.

பெருநாள் கழிந்து கடை திறந்ததும் நாணு வழக்கப்படி சுலைமானி கொண்டுவந்து வைத்தான். சலாவுதீன் அதை ஸுப்ரியாவின் பக்கம் நகர்த்தினார். அடுத்த நாளும் அப்படியே. அவர் தொழுகிற பள்ளியின் பலகை சரியாகத்தான் இருந்தது. அவருக்குத் தவறிய நோன்பு ஒன்றும் இல்லை. பதினொரு நாள் அந்தச் சுலைமானியை ஸுப்ரியா குடித்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் குடித்தார். 

கடையில் நான்கு பெயர் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுதீர் பெயருக்கு எதிரே முதல் நாளே குறி விழுந்தது. கமலாக்ஷி டீச்சருக்குப் புதிய பிரதி நேரில் போயிற்று. "பிள்ளைங்களுக்கு இப்ப ரெண்டையும் சேர்த்துக் காட்டலாம்," என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆலப்புழைக்காரர் பழைய உறையைப் பிரிக்கவே இல்லை. ஒட்டியபடியே திருப்பிக் கொடுத்தார். மீதி இசக்கிதுரை.

அவர் எண்ணில், 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார் லாட்ஜ்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் பார்த்துச் சொல்கிறேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற மூவரைவிட இதுதான் பெரிய தொந்தரவு. பழைய நிரலில் உள்ள ஊர்ப் பட்டியலில் தென்காசி இல்லை. அந்தப் பக்கத்துக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடியது தூத்துக்குடி. தூத்துக்குடி வெகு கிழக்கே இருப்பது; அங்கே சூரியன் மூன்று நிமிடம் முந்தி மறையும். நொடிகளை வெட்டுவதையும் சேர்த்தால் நான்கு நிமிடம்வரை ஆகும்.

"அங்கே யாராவது பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பா இக்கா," என்றாள் ஸுப்ரியா. "நீங்க கண்டுபிடிக்கலையா?"

"எனக்குக் கடல் இருந்தது. அவங்களுக்கு மேற்கே முழுக்க மலை. சூரியன் மலைக்குப் பின்னால போனாலே மறைஞ்ச மாதிரிதான் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." ஒட்டியிருந்த தாளில் குறி விழாத அந்தப் பெயரைத் தொட்டுச் சொன்னார்: "அடுத்த நோன்பு பிப்ரவரியில."

நவம்பரில் அவர் தென்காசி மாவட்டத்துப் பள்ளிவாசல்களின் தொலைபேசி எண்களைத் தெரிந்தவர்கள் மூலம் சேர்க்க ஆரம்பித்தார். நாற்பத்து மூன்று எண்கள் கிடைத்தன. வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இசக்கிதுரை என்று ஒரு எலக்ட்ரீஷியன் உங்கள் பள்ளிக்கு நேரப் பலகை செய்து கொடுத்தாரா என்று கேட்பார். அவருடைய தமிழ் அங்கே சிலருக்குப் புரியவில்லை. நீங்கள் எந்த நாட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டதை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் மாதத்து அந்த வியாழக்கிழமை காலை அவர் இறந்தார். அன்று லுஹருக்குப் பிறகு அடக்கம். ஸுப்ரியா பெண்களோடு உள் அறையில் இருந்தாள். சுதீர் வாசலில் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜொஹரா பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்தத் தென்காசிக்காரர் கிடைச்சாரா?"

"இல்லை இத்தா."

"தினம் வந்து சொல்வாங்க. இன்னைக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், மூணு பேரைக் கூப்பிட்டேன்னு."

ஐந்தாம் நாள் ஸுப்ரியா கடையைத் திறந்தாள். சுவரில் பரிசோதனைப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் நாற்பத்து மூன்று எண்கள் எழுதிய தாள் இருந்தது. பத்தொன்பது எண்களுக்கு எதிரே 'இல்லை' என்று மலையாளத்தில் அவர் கையெழுத்து. இருபதாவதற்கு எதிரே மட்டும் 'நாளை அசருக்குப் பின்' என்றிருந்தது. தேதி புதன்கிழமையுடையது.

பிற்பகல் தொழுகையான அசரின் நேரம் பலகையில் கடந்து போவதைப் பார்த்து, இன்னும் இருபது நிமிடம் காத்திருந்து, அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு வயதானவர் எடுத்தார். யார், என்ன என்று சொன்னாள்.

"அதுக்கு ஒரு பாய் கூப்பிட்டாரேம்மா," என்றார் அவர். "மறுநாள் அசருக்குப் பெறவு கூப்பிடுதேன்னார். மோதினாரையும் பக்கத்துல வெச்சிக்கிட்டு நாங்க உக்காந்திருந்தோம். ஆளக் காணோம். சொன்னாச் சொன்னபடி கூப்பிட வேண்டாமா?"

"கூப்பிட்டிருக்கணும்," என்றாள் ஸுப்ரியா. "மன்னிச்சுக்குங்கோ."

"சரி போட்டும். இங்க அப்படிப் போர்டு ஒண்ணும் கிடையாதும்மா. நம்ம பள்ளியில பழைய கடியாரம்தான்."

அவள் இருபதாவது எண்ணுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். அன்று இருட்டுவதற்குள் இன்னும் நான்கு எண்களைக் கூப்பிட்டாள். அடுத்த மூன்று வாரத்தில் பதினொன்று. ஒப்பந்தக்காரர் இப்போதும் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. தாளில் எட்டு எண்கள் மிச்சம். சலாவுதீன் தயார் செய்துவைத்த உறை மேசையின் வலது பக்க இழுப்பறையில் இருக்கிறது. பென்டிரைவ் உள்ளே இருக்கிறது, வாய் ஒட்டியாயிற்று. மேலே ஜொஹரா பீவியின் கையெழுத்தில் 'திரு. இசக்கிதுரை' என்றும், கீழே 'தென்காசி மாவட்டம்' என்றும் எழுதியிருக்கிறது. நடுவில் தெருவுக்கும் ஊருக்குமாக விட்ட இரண்டு வரி இடம் காலியாக இருக்கிறது.